மூச்சுக்கு நடுவே ஒரு மாடு

பெங்களூர்
3-9-1972

அன்புள்ள அண்ணனுக்கு, ரெங்கம்மாள் எழுதுவது.

நான் சுகமாகத்தான் இருக்கிறேன். இந்த ஊர்க் குளிருக்கு என் மூக்கு மட்டும் இன்னும் பழகவில்லை. நீங்களும் அண்ணியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறீர்களா? அண்ணிக்கு முழங்கால் வீக்கம் வற்றிவிட்டதா?

உங்கள் கையைப் பற்றி நான் விசாரிக்கப்போவதில்லை. அது நன்றாகவே வேலை செய்கிறது என்று விவசாயத் தொழிலாளர் சங்கத்து இராஜாங்கம் அண்ணன் எழுதிவிட்டார். மனைப்பட்டா விசாரணைக்கு வந்த தாசில்தார் கண்ணெதிரிலேயே மிராசுதாரின் ஏஜெண்டு பஞ்சநதம் வைத்திருந்த குடையைப் பிடுங்கி வாய்க்காலில் எறிந்தீர்களாமே! குடை மதகு வரைக்கும் மிதந்து போனதாம். தாசில்தார் தாள்களைச் சுருட்டிக்கொண்டு, "தை மாதம் மறுபடி வருவேன், அப்போதும் இப்படி என்றால் ஏஜெண்டு சொல்வதை எழுதிக்கொண்டு போய்விடுவேன்" என்று எழுந்துவிட்டாராம்.

அண்ணே, குடியிருப்பவனுக்கே மனை சொந்தம் என்று போன வருஷம் சட்டம் வந்தாயிற்று. அப்பா கட்டிய குடிசைக்கு நமக்கே பட்டா கிடைக்கும். சட்டம் நம் பக்கம் இருக்கிறது. உங்கள் கோபம்தான் பஞ்சநதம் பக்கம் இருக்கிறது. தை மாதம் இன்னொரு குடை பறந்தால் நாம் தெருவில்தான் நிற்க வேண்டும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று அம்மா உங்களை வைத்துத்தான் சொல்வாள்.

புத்திமதி சொன்னால் கடிதத்தை மடித்துவிடுவீர்கள் என்று தெரியும். ஆகையால் ஓர் உதவி கேட்கிறேன். நான் வேலை பார்க்கும் மனநல ஆஸ்பத்திரியில் ஓர் ஆராய்ச்சி ஆரம்பித்திருக்கிறோம். புத்தர் சொன்ன தியானம் மனசை என்ன செய்கிறது என்று பார்க்கிறோம். புத்தகம் படித்தவர்களாகவே வந்து சேருகிறார்கள், நாம் என்ன எதிர்பார்க்கிறோமோ அதையே சொல்கிறார்கள் என்று எங்கள் புரொபசருக்குக் கவலை. நான் உங்கள் பெயரைக் கொடுத்துவிட்டேன்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். விடிந்ததும் சம்மணம் போட்டு உட்காருங்கள். கண்ணை மூடி, மூக்கு நுனியில் மூச்சு வருவதையும் போவதையும் பாருங்கள். வேறு நினைப்பு வந்தால், வந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டு மறுபடி மூச்சுக்கு வாருங்கள். எழுந்ததும் என்னென்ன வந்தது என்று எழுதி வையுங்கள். என் வேலை நிரந்தரமாவது இந்த ஆராய்ச்சியில் இருக்கிறது. மறுக்க மாட்டீர்கள்தானே?

உங்கள் தங்கை,
ரெங்கம்மாள்


கடம்பவிளாகம், கீழ்வேளூர் வழி
12-9-1972

தங்கச்சி ரெங்கம்மாளுக்கு அண்ணன் வீரையன் ஆசீர்வாதம் பண்ணி எழுதியது.

நாங்கள் நலம். உன் அண்ணிக்கு வீக்கம் வற்றிவிட்டது. உன் மூக்குக்கு மிளகும் மஞ்சளும் போட்டுப் பால் குடி.

இராஜாங்கம் குடையைப் பற்றி எழுதினானே, அதற்கு முன்னால் பஞ்சநதம் என்ன சொன்னான் என்று எழுதினானா? "ஏண்டா வீரையா, குடிசை நிக்கிற எடம் போதாதா, கொல்லையும் கேக்குதா ஒனக்கு?" என்றான். தாசில்தாரை சார் என்கிறான், அவர் டவாலிச் சேவகனை வாங்க போங்க என்கிறான், என் வாசலில் நின்றுகொண்டு என்னை டா போட்டுப் பேசுகிறான். கையில் குடை இருந்தது அவன் நல்ல காலம். இல்லாவிட்டால் அவனேதான் மதகு வரைக்கும் போயிருப்பான்.

அவன் கணக்கு எனக்குத் தெரியும். சுவர் நிற்கிற இடத்துக்கு மட்டும் பட்டா கொடுத்துவிட்டு, பின்னாலிருக்கும் கொல்லையை மிராசுதார் தோப்போடு சேர்த்து வேலி போட்டுவிடுவது. வேலி போட்டால் நாம் கொல்லைக்கதவைத் திறந்து காலை வெளியே வைக்க முடியாது.

நிற்க. புத்தர் என்றால், அம்பேத்கர் கடைசியில் யார் மதத்தில் போய்ச் சேர்ந்தாரோ, அவர்தானே? பக்கத்து ஊர் வயலில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் கல்லுச்சாமிகூட அவர்தான் என்று பள்ளிக்கூட வாத்தியார் சொல்கிறார். மழை பொய்த்தால் அவரை நாங்கள் குப்புறத் தள்ளிவிடுவோம். அவர் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. ஆகவே விஷயம் தெரிந்த ஆள்தான்.

உன் வேலைக்கு என்று சொன்ன பிறகு நான் மறுப்பேனா? நம் வீட்டிலிருந்து ஓர் ஆள் தினமும் தவறாமல் உட்காருவது என்று முடிவு பண்ணியாயிற்று. புரொபசரிடம் தைரியமாகச் சொல்லிவிடு.

இப்படிக்கு,
வீரையன்


பெங்களூர்
21-9-1972

அன்புள்ள அண்ணனுக்கு,

மிளகுப்பால் கேட்டது, மூக்கு திறந்துவிட்டது. உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு ஆஸ்பத்திரி வளாகத்திலேயே துள்ளினேன். யாரோ நோயாளி தப்பி வந்துவிட்டாள் என்று வார்டு ஊழியர் ஒருவர் ஓடிவந்து கையைப் பிடித்துவிட்டார். வீட்டில் எல்லாரும் அப்படியே சந்தோஷமாக இருங்கள்.

எங்களுக்குத் தியானம் சொல்லிக்கொடுக்க ஒரு புத்த பிட்சு வருகிறார். அவருக்கும் புரொபசருக்கும் தினமும் டீ வேளையில் வழக்கு. ஒரு நினைப்பு வந்தால் அது ஏன் வந்தது, எங்கிருந்து வந்தது, சின்ன வயசில் என்ன நடந்தது என்று தோண்டிக்கொண்டே போக வேண்டும் என்பது புரொபசர் கட்சி. மனோதத்துவம் முழுக்க அந்த 'ஏன்' மேல்தான் நிற்கிறது. பிட்சுவுக்கு 'என்ன வந்தது' என்று தெரிந்தால் போதும். "வாசலுக்கு வந்த விருந்தாளியை நிற்கவைத்துப் பூர்வீகமா விசாரிப்பீர்கள்? வந்தாரா, பாருங்கள். போகும்போது போகட்டும்" என்கிறார். புரொபசர் விடவில்லை. "அதே விருந்தாளி தினமும் வந்து நின்றால்?" என்று கேட்டார். பிட்சு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு யோசிக்க ஆரம்பித்தார், டீ ஆறிப்போயிற்று.

ஆகையால் 'ஏன்' என்று கேட்டுக் குழம்ப வேண்டாம். என்ன வந்தது என்று மட்டும் எழுதுங்கள். நல்லது கெட்டது பார்த்துக் கூட்டிக் குறைக்காதீர்கள்.

அன்புடன்,
ரெங்கம்மாள்


கடம்பவிளாகம்
8-10-1972

அன்புத் தங்கச்சிக்கு வீரையன் எழுதியது.

இங்கே எல்லாரும் சௌக்கியம். சம்பா நடவு நடந்துகொண்டிருக்கிறது, தெருவில் ஒரு ஆள் வீட்டில் இல்லை. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? பட்டணத்துச் சாப்பாட்டை நம்பாதே.

உட்காருவது தவறாமல் நடக்கிறது. வந்ததை எல்லாம் கீழே எழுதியிருக்கிறேன்.

முதலில் மூச்சு வந்தது. பிறகு உலை கொதித்துவிடுமே என்ற நினைப்பு. மறுபடி மூச்சு. வீட்டில் புளி தீர்ந்துபோனது. மூச்சு. பக்கத்து வீட்டு ஆனந்தவல்லி இரவல் வாங்கிப்போன முறத்தை இன்னும் கொண்டுவந்து தரவில்லை, கேட்டால் கோபித்துக்கொள்வாளோ என்று ஒரு யோசனை, அது ரொம்ப நேரம் இருந்தது. அப்புறம் நடவு நட்டு நட்டு இடுப்பு விட்டுப்போகிற வலி. பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமே வரவில்லை, நன்றாக இருந்தது. பிறகு ஒரு மாடு வந்தது.

இந்த மாடு சமாச்சாரம்தான் விளங்கவில்லை. மறுநாளும் வந்தது, அதற்கு மறுநாளும் வந்தது. முட்டவில்லை, ஓடவில்லை, சும்மா நிற்கிறது. நமக்கு மாடு கிடையாது, எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. உன் புரொபசரிடம் கேட்டு எழுது. காத்து கருப்பு ஏதாவது இருக்குமா?

வீரையன்


பெங்களூர்
16-10-1972

அன்புள்ள அண்ணனுக்கு,

வேளைக்குச் சாப்பிடுகிறேன், பயப்படாதீர்கள். காத்தும் இல்லை கருப்பும் இல்லை. எங்களுக்கு இதுவரை வந்த குறிப்புகளிலேயே உங்களுடையதுதான் முதல்தரம் என்கிறார் புரொபசர். படித்தவர்கள் எல்லாம் ஒளி தெரிந்தது, தாமரை தெரிந்தது என்று எழுதிக்கொண்டிருக்கும்போது ஒருவருக்குப் புளி தீர்ந்துபோனது தெரிந்தால் அவர் உண்மையாகவே உட்கார்ந்திருக்கிறார் என்று அர்த்தமாம்.

நடவு நட்டு இடுப்பு வலிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நாற்றுக்கட்டு சுமந்து தோள் வலிக்கிறது என்று நீங்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நம் ஊரில் ஓர் ஆம்பிளை நடவுக்கு இறங்கினால் பெண்டுகள் குலவை போட்டே வரப்பேற்றி விடுவார்களே, உங்களை எப்படி விட்டார்கள்? போகட்டும். வலிக்கிற இடுப்பு எந்த இடுப்பாக இருந்தாலும் ராத்திரி வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். அதுவும் ஆராய்ச்சியில் சேர்த்தி.

மாட்டைப் பற்றி இன்னும் தெரிந்தாக வேண்டும். என்ன நிறம்? எங்கே நிற்கிறது? பதில் வரும்போது நடுவில் பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது, திருத்தக் கூடாது. கேட்டது கேட்டபடி எழுத வேண்டும். இது எங்கள் ஆஸ்பத்திரியில் டாக்டர்களுக்கே உள்ள சட்டம்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள். அவரும் நிம்மதியாக மூச்சுவிடுகிறார் என்று நம்புகிறேன்.

ரெங்கம்மாள்


கடம்பவிளாகம்
6-11-1972

தங்கச்சி ரெங்கம்மாளுக்கு,

எட்டு ஊரும் தண்ணீர்க்காடு. மழையில் தபால்காரர் வரவில்லை, அதனால்தான் தாமதம். வீடு கொஞ்சம் ஒழுகினாலும் நாங்கள் ஒழுங்காக இருக்கிறோம். நீ நனையாமல் இரு. டீக்கடையில் ஆளும் கட்சி இரண்டாகிப்போன பேச்சுத்தான், சம்பாவைப் பற்றி யாருக்கும் கவலையில்லை.

வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன். அதாவது, கொடுக்கப்பட்டது. வலி குறைந்திருக்கிறது.

மாடு செவலை நிறம். நெற்றியில் வெள்ளை. நம் கொல்லையில் முருங்கை மரத்துக்குத் தெற்கே, மேடாக இருக்குமே, அங்கே நிற்கிறது. கட்டுத்தறி இருக்கிறது, மேலே நாலு கீற்றுப் போட்டிருக்கிறது, மழை படாத இடம். சின்ன வயசிலிருந்து மிராசுதார் வீட்டு மாட்டை மேய்த்தும், சாணி அள்ளியும், அந்தச் சாணியில் அவர்கள் வாசலைத் தெளித்தும் வந்த கைக்குத் தன் மாட்டின் மடியைத் தொட்டு ஒரு சொம்பு பால் கறக்க வேண்டும் என்று இருந்ததாம். யாரிடமும் சொன்னதில்லை என்றாள். என்று தோன்றியது.

இராஜாங்கம் வந்திருந்தான். கண்ணை மூடி உட்காருகிற விஷயம் தெருவுக்கே தெரிந்துவிட்டது. சங்கத்து ஆள் செய்கிற வேலையா இது என்று சண்டைக்கு வந்துவிட்டான். "பூனை கண்ண மூடிக்கிட்டா உலகம் இருண்டுடுமாடா? நம்ம ஆளுங்க எல்லாம் மூக்கு நுனியப் பாத்துக்கிட்டு உக்காந்தா மிராசுதாருக்குத்தான் கொண்டாட்டம்" என்றான். அவன் சொல்வதில் நியாயம் இருப்பதாகத்தான் படுகிறது. பார்த்துக்கொண்டே இருந்தால் எல்லாம் போய்விடும் என்கிறீர்களே, கோபம் போகட்டும். நம் மனை நமக்கு வேண்டும் என்கிற நினைப்பும் கூடவே போய்விட்டால் என்ன செய்வது? பதில் எழுது.

வீரையன்


பெங்களூர்
14-11-1972

அன்புள்ள அண்ணனுக்கு,

வீடு ஒழுகுகிற இடத்துக்கு ஒரு தார்ப்பாய் அனுப்புகிறேன். இங்கே என் உடம்புக்குக் குறையில்லை.

இராஜாங்கம் அண்ணன் கேட்டது நல்ல கேள்வி. அதை அப்படியே டீ வேளையில் போட்டேன். வழக்கு பெரிதாகிவிட்டது. பிட்சு சொன்னார், பசியோடு வந்த ஓர் ஏழைக்கு முதலில் சோறு போடச் சொல்லிவிட்டு அவன் சாப்பிட்டு முடிக்கும் வரை புத்தர் பேசாமல் காத்திருந்தார் என்று ஒரு பழைய கதை இருக்கிறதாம். வயிற்றுக்கும் கூரைக்கும் வேண்டியதைக் கேட்காதே என்று அவர் யாருக்கும் சொல்லவில்லையாம். புரொபசர் தன் பங்குக்குச் சொன்னார், கோபம் ஏறினவனுக்குப் பார்வை சுருங்கிவிடும், எதிரே இருப்பதில் ஒன்றே ஒன்றுதான் கண்ணில் படும் என்று. உங்களுக்கு அன்றைக்குக் குடை தெரிந்தது. கொல்லை தெரியவில்லை. பஞ்சநதத்துக்கு அதுதானே வேண்டும்?

அவர்கள் இரண்டு பேரும் ஒத்துப்போய் நான் பார்த்தது இதுதான் முதல் தடவை. எனக்குத் தோன்றுவதையும் சொல்கிறேன். உங்கள் குறிப்பையே பாருங்கள். புளி வந்தது, போய்விட்டது. முறம் வந்தது, போய்விட்டது. மாடு மட்டும் போகவில்லை. பார்த்துக்கொண்டிருந்தால் போகிறது போய்விடும், தங்குகிறது எது என்று தெரிந்துவிடும் போலிருக்கிறது.

ஆராய்ச்சிக்காக இன்னும் ஒரே ஒரு விவரம் தேவைப்படுகிறது, அண்ணே. தியானத்தில் உட்காரும்போது தலைமுடியைக் கொண்டை போட்டுக்கொள்கிறீர்களா, பின்னிக்கொள்கிறீர்களா?

அன்புடன்,
ரெங்கம்மாள்


கடம்பவிளாகம்
20-12-1972

ரெங்கம்மாளுக்கு,

எல்லாரும் நலம். தார்ப்பாய் வந்து சேர்ந்தது. ஒரு மாதமாக ஏன் எழுதவில்லை என்று நீ கேட்க மாட்டாய், உனக்கே தெரியும்.

கொண்டைதான்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டேன் என்று நீ சிரித்திருப்பாய். இதில் என்ன மறைப்பு இருக்கிறது, சொல். உனக்கு எட்டு வயசில் விஷக்காய்ச்சல் வந்ததே, வேளாங்கண்ணிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டது யார்? நான். காய்ச்சல் போனது யாருக்கு? உனக்கு. அம்மாவுக்கு அம்மை கண்டபோது தீ மிதித்தது அப்பா. வீட்டுக்கு ஒருத்தர் செய்தால் வீட்டுக்கே ஆகும் என்பதுதானே நம் வழக்கம்? எனக்கு விடியக்காலம் மடை பார்க்கப் போக வேண்டும், உன் அண்ணிக்கு உட்கார நேரம் இருந்தது, உட்காரச் சொன்னேன். புண்ணியம் பொதுவில் வரும் என்றுதான் நினைத்தேன். உன் படிப்பில் அப்படி வராது என்றால் நீ முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. நான் மடை பார்த்துவிட்டு வந்ததும் அவள் எதிரில் உட்கார்ந்து, "என்ன வந்துச்சு?" என்று கேட்பேன். நடுவில் பேசக் கூடாது என்று நீ சட்டம் போட்டாயா, வாயை மூடிக்கொண்டு எழுதுவேன். முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. இப்போது மடையிலிருந்து வேகமாக நடந்து வருகிறேன். கல்யாணமாகிப் பதினோரு வருஷம் ஆயிற்று, ரெங்கம்மா. இவளுக்கு மாடு வேண்டும் என்று எனக்குத் தெரியாது. அவள் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. கொல்லைக்காக நான் பஞ்சநதத்தோடு மல்லுக்கு நின்றேனே, அது எதற்கு என்று யாராவது கேட்டிருந்தால் என் மானத்துக்கு என்றுதான் சொல்லியிருப்பேன். அங்கே ஒரு மாடு நிற்கிற சங்கதி தெரியாமல் போயிற்று. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

வீரையன்


பெங்களூர்
29-12-1972

என் அருமை அண்ணனுக்கும் கொண்டை போட்ட அண்ணிக்கும்,

இரண்டு பேரும் நன்றாக இருக்க வேண்டும். நான் நன்றாக இல்லை, சிரித்துச் சிரித்து விலா வலிக்கிறது. உங்கள் கடிதத்தைப் புரொபசருக்கும் பிட்சுவுக்கும் மொழிபெயர்த்துச் சொன்னேன். மொட்டை நியாயத்தை இன்னொரு தடவை சொல்லச் சொல்லி இருவரும் கேட்டார்கள்.

ஆராய்ச்சித் தாளில் உங்கள் பெயரை அடித்துவிட்டு 'காளியம்மாள், விவசாயத் தொழிலாளி' என்று எழுதினேன். அடித்த பெயரைப் பார்த்துவிட்டுப் புரொபசர், "இவரை ஏன் அடிக்கிறாய்? இவர் செய்ததும் வேலைதானே" என்றார். யோசித்துப் பார்த்தேன். அண்ணி செய்தது புத்தர் சொன்னது. எதிரில் உட்கார்ந்து, குறுக்கே பேசாமல், ஒருவர் மனசில் வந்ததை முழுவதும் கேட்டு வாங்குவது எங்கள் ஆஸ்பத்திரியில் டாக்டர் செய்வது. அதற்கு நாங்கள் வருஷக்கணக்கில் படிக்கிறோம், முடித்த பிறகும் குறுக்கே பேசிவிடுகிறோம். டீ மேசையில் இரண்டு பேர் மல்லுக்கட்டுகிற விஷயத்தை நீங்கள் இருவரும் அடுப்பங்கரையில் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டு செய்திருக்கிறீர்கள்.

சந்தோஷம் ஒரு பக்கம் இருக்கட்டும், எனக்குப் பயமும் வந்துவிட்டது. உட்கார்ந்தது அண்ணி. தை மாதம் பஞ்சநதம் டா போடப்போவது உங்களை. மொட்டைக்கு உள்ள சலுகை இதற்கு இல்லை, அண்ணே. இருக்கிற நாளிலாவது நீங்களே உட்காருங்கள். இந்தத் தடவை குடை போனால் செவலை போய்விடும். விசாரணை முடிந்த அன்றே எழுதுங்கள், எனக்கு இங்கே சோறு இறங்காது.

ரெங்கம்மாள்


கடம்பவிளாகம்
27-1-1973

தங்கச்சி ரெங்கம்மாளுக்கு அண்ணன் எழுதியது.

முதலில் சாப்பிடு. நாங்கள் சாப்பிட்டாயிற்று, இன்றைக்குப் பாயசம்.

நீ எழுதியபடி உட்கார்ந்து பார்த்தேன். உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிச் சுவரில் முட்டிக்கொண்டேன். மறுநாளும் அதே கதை. ஆகவே பழைய கோபத்தோடுதான் விசாரணைக்கு நின்றேன், பொய் சொல்ல மாட்டேன்.

காலையிலேயே தாசில்தார் வந்துவிட்டார். தெருவே கூடிவிட்டது. இராஜாங்கம் என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டே நின்றான். பஞ்சநதம் புதுக் குடையோடு வந்திருந்தான். அதைக் கையில் வைத்திருக்கவில்லை, அக்குளில் இறுக்கி இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டிருந்தான். சுவர் நிற்கிற இடம் மட்டும்தான் குடியிருப்பு, கொல்லை மிராசுதார் தோப்பு, இவர்கள் அதில் புழங்கியதே இல்லை என்று ஆரம்பித்தான். நான் பொறுத்துக்கொண்டேன். பிறகு என் பக்கம் திரும்பி, "ஏண்டா, இல்லன்னு சொல்லுடா பாப்போம்" என்றான்.

ரெங்கம்மா, எனக்குக் காது அடைத்துவிட்டது. புரொபசர் சொன்னது சரிதான், அந்தக் குடையைத் தவிர வேறு ஒன்றும் கண்ணில் படவில்லை. கால் ஓர் எட்டு முன்னால் போய்விட்டது. அப்போது பக்கத்தில் நின்ற உன் அண்ணி, சத்தம் போடாமல், தினமும் நான் அவளைக் கேட்கிற மாதிரியே கேட்டாள்.

"என்ன வந்துச்சு?"

நான் அவளிடம் எத்தனையோ தடவை கேட்ட கேள்வி. கேட்டதும் அவள் உள்ளதைச் சொல்வாள், அப்படியே வழக்கமாகிப்போன விஷயம். என் வாய் தன்னால் திறந்து, தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டது.

"கோவம் வந்துச்சு."

எல்லாரும் திகைத்துப்போனார்கள். தாசில்தார் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "இப்ப இருக்கா?" என்று கேட்டார். நான் உள்ளே பார்த்தேன். "போய்க்கிட்டு இருக்கு சார்" என்றேன். அவர் சிரித்துவிட்டார், தெரு சிரித்தது, இராஜாங்கம் என் சட்டையை விட்டுவிட்டுச் சிரித்தான். சிரிப்பு அடங்கும்போது எனக்குக் கொல்லை தெரிந்தது, முருங்கை மரம் தெரிந்தது.

அதற்கப்புறம் உன் அண்ணி பேசினாள். கொல்லையில் புழங்கவில்லை என்கிறாரே, வந்து பாருங்கள் என்று தாசில்தாரை அழைத்துக்கொண்டு போனாள். பாத்திரம் துலக்கித் துலக்கிக் குழிந்துபோன கல்லைக் காட்டினாள். விறகு அடுக்குமிடம், கோழிக்கூடு, மாமனார் நட்ட முருங்கை என்று ஒவ்வொன்றாகக் காட்டினாள். குரல் உயரவே இல்லை. கடைசியில் தெற்கு மேட்டில் போய் நின்றாள். அங்கே ஒன்றும் இல்லையே என்றார் தாசில்தார்.

"இங்க மாடு கட்டணும் சார். அதுக்கு எடம் வேணும்" என்றாள். கெஞ்சவும் இல்லை, அழவும் இல்லை.

வேலி வரைக்கும் சங்கிலி போட்டு அளந்து எழுதிக்கொண்டார். பட்டா மாசி மாதம் கைக்கு வந்துவிடும். பஞ்சநதத்துக்கு முகம் சிவந்துபோய்க் குடை நழுவிக் கீழே விழுந்ததுகூடத் தெரியவில்லை. "அவருக்கு இப்ப வந்திருக்கு" என்று உன் அண்ணி என் காதோடு சொன்னாள். குடையை நான்தான் எடுத்து, மண்ணைத் தட்டி அவன் கையில் கொடுத்தேன். வாங்கும்போது "சரி, வீரையன்" என்றான். டா இல்லை.

வீரையன்


கடம்பவிளாகம்
18-3-1973

நாத்தனார் ரெங்கம்மாவுக்கு அண்ணி காளியம்மா சொல்லி எழுதுறது.

(எழுதுவது வீரையன். அவள் பேச்சில் ஓர் எழுத்துக்கூட மாற்றக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள்.)

எனக்கு முழங்காலு தேவல, இடுப்பும் தேவல. நீ எளச்சுப்போயிருக்கியா, பெருத்துப்போயிருக்கியா? ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. பட்டா வந்துடுச்சு. மாரியம்மனுக்கு மாவிளக்குப் போட்டேன், அந்தக் கல்லுச்சாமிக்கும் ஒரு வெளக்கு வச்சேன். இனிமே மழ இல்லன்னா அவரக் குப்புறத் தள்ளக் கூடாதுன்னு தெருவுல சொல்லிட்டேன்.

கொட்டகை போட்டாச்சு. நாலு கீத்துதான். கட்டுத்தறி ஒன் அண்ணன் அடிச்சாரு, மூணு தடவ கோணலா அடிச்சாரு.

(இது பொய். ஒரு தடவைதான். — வீரையன்)

மாடு இன்னும் வாங்கல. அறுப்புக் கூலி நெல்லு வந்திருக்கு, பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு செவலை இருக்குதாம், சித்திரைல போயிப் பாக்கணும். நான் தெனமும் உக்காருறேன். மாடு தெனமும் வருது. ஏன் வருதுன்னு ஒங்க புரொபசரு கேப்பாரு, என்ன வந்துச்சுன்னு சாமியாரு கேப்பாரு. ரெண்டு பேருக்கும் சொல்லு, தீனி வைக்க நேரமாச்சுன்னு வருது.

ஒன் அண்ணனுக்குக் கோவம் அடியோட போயிடலம்மா. முந்தாநேத்துக்கூட எங்கிட்டக் கத்துனாரு, மீன் கொழம்புல உப்பு கூடிப்போச்சுன்னு.

(உப்பு கூடித்தான் இருந்தது. — வீரையன்)

ஆனா இப்ப கத்தி முடிச்சதும் என் மூஞ்சியப் பாக்குறாரு, நான் கேக்கணும்னு. நான் கேப்பேன். அவரு சொல்லுவாரு. அதோட சரி.

இத ஒங்கிட்டச் சொல்லத்தான் இந்தக் காயிதமே. நேத்து விடியக்காலம் நான் உக்காந்திருக்கேன், யாரோ பக்கத்துல வந்து உக்கார்ற மாதிரி இருந்துச்சு. கண்ணத் தொறந்து பாத்தா ஒன் அண்ணன். யாரும் கூப்புடல, மடை பாக்கப் போவல. தூங்கவும் இல்ல, சுவத்துல முட்டவும் இல்ல. எந்திரிச்சதும் கேட்டேன், என்ன வந்துச்சுன்னு. துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டாரு. கஞ்சி ஊத்தும்போது கேட்டேன். வெக்கப்பட்டுக்கிட்டு வெளிய போயிட்டாரு. பொழுது சாஞ்சு கருக்கல்ல திரும்பி வந்து, கொட்டகைக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டுச் சொன்னாரு.

"மாடு வந்துச்சு. ஒன் மாடுதான். செவலை, நெத்தில வெள்ளை."

நான் கட்டுத்தறியப் புடிச்சுக்கிட்டு நின்னேன். அப்புறம் அவரே சொன்னாரு.

"கன்னுக்குட்டி ஒண்ணு பால் குடிச்சுக்கிட்டு இருந்துச்சு."

எனக்கு இத்தன மாசமா கன்னுக்குட்டி வந்ததே இல்ல, ரெங்கம்மா.

(இது உண்மை. — வீரையன்)